குழந்தைகளின் படக்கதைகளில் புராண விலங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாளி, டிராகன், வேதாளம், கடற்கன்னி போன்ற உருவங்களை வைத்துச் சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர்களும், அவற்றுக்குப் படம் வரைகிறவர்களும், படித்துக் காட்டும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்களில் என் விருப்புவெறுப்பும் கலந்திருக்கிறது.

புராண விலங்கு என்பதற்குள் எவையெல்லாம் அடங்கும்?

கறாரான பட்டியல் கிடையாது. பல விலங்குகளின் உறுப்புகள் சேர்ந்த யாளி, மகரம், கிரிஃபின் ஒரு வகை. இருக்கிற விலங்கையே பெருக்கிக் காட்டும் ஐராவதம், ஆயிரம் தலை ஆதிசேஷன் இன்னொரு வகை. கின்னரர், கடற்கன்னி, குதிரை உடல் கொண்ட சென்டார் ஆகியோர் பாதி மனிதர்கள். பூதத்தையும் வேதாளத்தையும் விலங்கு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் குழந்தைகள் அவற்றையும் இதே கூட்டத்தில்தான் சேர்க்கிறார்கள், நாமும் சேர்த்துக்கொள்வோம்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பேசும் முயல் கதைக்குள் மட்டும்தான் பேசும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் ஓரளவு தெரியும். ஆனால் பகலில் தெரிந்தது இருட்டில் உதவாது. நிஜத்தையும் கற்பனையையும் பிரித்தறியும் திறன் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வேகமாக வளர்கிறது; பேய், பூதங்களைப் பற்றிய பயமும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் வலுவாக இருக்கிறது. ஆகவே சின்னக் குழந்தைகளுக்கு உருவம் விசித்திரமாகவும் நடத்தை பழகியதாகவும் இருக்கட்டும்: தூக்கம் வராத யாளி, குளிக்க மறுக்கும் டிராகன். ஆறேழு வயதில் ஆபத்து உள்ள கதைகளை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

எட்டு, ஒன்பது வயதில் பட்டியல் மோகம் பிடித்துக்கொள்ளும். எதற்கு எத்தனை தலை, எது எதை வெல்லும் என்று துளைப்பார்கள். அப்போது கதையைவிடக் கையேடு போன்ற படப் புத்தகமே எடுபடும். ஜப்பானிய ஓவியர் தோரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட தொகுப்பு அப்படிப்பட்டது. அந்நாட்டு விசித்திர உருவங்களை ஒவ்வொன்றாக வரைந்து பெயர் எழுதி வைத்திருப்பார். பெரியவர்களுக்காக வந்த நூல்தான். ஆனாலும் இன்றைய சிறுவர் கையேடுகளின் அமைப்பு அதிலிருந்து அதிகம் விலகிவிடவில்லை.

படத்தைப் பார்த்துக் குழந்தை பயந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கவலை பழையது. ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதை 1871 இறுதியில் வெளிவந்தது. அதற்காக ஜான் டெனியல் வரைந்த ஜாபர்வாக் என்ற கொடிய விலங்கின் படத்தை நூலின் முகப்பில் வைக்கத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். சிறுவர்கள் மிரண்டுவிடுவார்களோ என்று கரோலுக்குச் சந்தேகம் வந்தது. தனக்குத் தெரிந்த தாய்மார்கள் ஏறக்குறைய முப்பது பேருக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். முடிவில் படம் கைவிடப்படவில்லை, உள்ளே நகர்ந்தது. முகப்புக்குக் குதிரைமேல் செல்லும் வெள்ளை வீரனின் படம் வந்தது.

எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. நூலுக்குள் ஜாபர்வாக்கைப் பற்றி வரும் பாடலுடன் சேர்த்துப் படத்தைப் பார்க்கும் குழந்தைக்கு, அந்த விலங்கை ஒரு சிறுவன் வெட்டி வீழ்த்திவிட்டான் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. கோரைப்பற்களை மழுக்காமல், படம் வரும் இடத்தை மட்டும் மாற்றினார்கள்.

ஓவியர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முழு உருவத்தைவிட, இருட்டில் தெரியும் ஒற்றைக் கண்தான் அதிகம் மிரட்டும். விலங்கு கதைக்குள் இருக்கும் பாத்திரத்தைப் பார்த்தால் அது கதையின் ஆபத்து. தாளிலிருந்து நேராக வாசகரைப் பார்த்தால் அது குழந்தையின் ஆபத்து. பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பக்கத்தைத் திருப்பும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் மூடிவிடும், தைரியம் வந்ததும் தானே திறக்கும். “இதற்கெல்லாம் போய்ப் பயப்படலாமா” என்று கேட்பதால் எந்தப் பயமும் போனதில்லை.

“இது நிஜமாகவே இருந்ததா?” என்று கேட்டால்?

இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது: இல்லாத ஒன்றை மனிதர்கள் ஏன் நம்பினார்கள்?

ஒற்றைக்கொம்புக் குதிரையான யூனிகார்னை எடுத்துக்கொள்வோம். கி.மு. 400 வாக்கில் கிரேக்க மருத்துவர் கிடேசியஸ், இந்தியாவில் நெற்றியில் ஒரு கொம்புள்ள காட்டுக் கழுதைகள் இருப்பதாக எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை; பாரசீக அரசவையில் காதில் விழுந்ததை எழுதியவர். பிற்காலத்தில் ஐரோப்பிய அரசர்கள் யூனிகார்ன் கொம்பு என்று பெரும் விலை கொடுத்து வாங்கியது, வடதுருவக் கடலில் வாழும் நார்வால் திமிங்கிலத்தின் முறுக்கிய பல். டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் 1638இல் அந்த உண்மையை விளக்கிக் காட்டினார். அதற்குப் பிறகும் அதே நாட்டு அரசருக்கு அந்தப் பற்களாலேயே அரியணை செய்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்காத எட்டு வயதுக் குழந்தை இருக்காது.

கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கனுக்கும் இதுபோல ஒரு விளக்கம் உண்டு. மத்தியதரைக் கடல் தீவுகளில் ஒரு காலத்தில் குள்ள யானைகள் வாழ்ந்தன. யானை மண்டையோட்டின் நடுவில், தும்பிக்கை தொடங்கும் இடத்தில், பெரிய துளை ஒன்று இருக்கும். யானையையே அறியாத ஒருவர் அதைக் கண்டெடுத்தால் கண்குழி என்றுதானே நினைப்பார்? ஆஸ்திரியத் தொல்லுயிரியலாளர் ஓதெனியோ ஆபெல் 1914இல் முன்வைத்த ஊகம் இது. இன்றுவரை ஊகம்தான், குழந்தையிடமும் அப்படியே சொல்ல வேண்டும். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின், கோபி பாலைவன டைனோசர் எலும்புகளைப் பார்த்துப் பிறந்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2024இல் வந்த ஓர் ஆய்வு அதைக் கடுமையாக மறுத்துவிட்டது.

யாளி மட்டும் உண்மையில் வாழ்ந்து அழிந்த விலங்கு என்கிறார்களே?

இணையத்தில் சுற்றும் கதை. யாளியின் எலும்பு ஒன்றுகூட எங்கும் கிடைத்ததில்லை. சிங்க உடலில் யானைத் தும்பிக்கை வளர உயிரியலில் வழியும் இல்லை. ஆனால் சிற்பத்தில் அது வளர்ந்த பாதையை ஓரளவு பின்தொடரலாம்: மாமல்லபுரத்துப் பல்லவர் தூண்களின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கம், பின்னர் விஜயநகர, நாயக்கர் கால மண்டபங்களில் எழுந்து நின்று பாய்கிறது, தும்பிக்கையும் தந்தமும் கொண்ட யாளிகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. சில யாளிகளின் வாய்க்குள் கல்லுருண்டை ஒன்று உருளும். விரலால் தள்ளலாம், வெளியே எடுக்க முடியாது. ஒரே கல்லைக் குடைந்து அதைச் செய்தவரின் கைத்திறனை விட்டுவிட்டு, யாளி உயிரோடு இருந்ததா என்று விவாதிப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

யாரும் பார்க்காத விலங்கை ஓவியர் எதைப் பார்த்து வரைவது?

பார்த்தவர் சொன்னதைக் கேட்டு வரைந்தாலே என்ன ஆகும் என்பதற்கு ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் சாட்சி. 1515இல் குஜராத்திலிருந்து லிஸ்பன் நகருக்கு ஒரு காண்டாமிருகம் கப்பலில் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் இருந்த டியூரர் அதைப் பார்க்கவில்லை. ஒரு வர்ணனையையும் யாரோ வரைந்த மாதிரியையும் வைத்து மரச்செதுக்குப் படம் செய்தார். தோல் இரும்புக் கவசமாகிவிட்டது, முதுகில் இரண்டாவதாக ஒரு குட்டிக் கொம்பு முளைத்துவிட்டது. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா அந்தப் படத்தையே காண்டாமிருகம் என்று நம்பியது. காரணம், அந்த விலங்குக்கு எடை இருக்கிறது. கால் தரையில் பதிந்திருக்கிறது.

இல்லாத விலங்கை நம்பவைப்பது இதுதான்: மூட்டுகள், எடை, பழக்கம். குதிரைக்குச் சிறகு வைத்தால் அந்தச் சிறகை அசைக்கும் தசை தோளில் எங்கே இருக்கிறது என்று யோசித்து வரைய வேண்டும். தும்பிக்கையுள்ள சிங்கம் எப்படித் தண்ணீர் குடிக்கும், எப்படிச் சுருண்டு படுக்கும், கொட்டாவி விட்டால் எப்படித் தெரியும் என்று பத்துக் கோட்டோவியங்கள் போட்டுப் பார்த்த பிறகுதான் அதைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். முகத்தில் மட்டும் கவனம் செலுத்திவிட்டு உடலைப் புகைக்குள் மறைக்கும் படங்களைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். “இதற்கு வால் எங்கே?” என்பதுதான் அவர்களின் முதல் விமர்சனம்.

கலப்பு உருவத்தில் எந்த உறுப்பு எங்கே என்பதும் கதைதான். 15ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் எழுதிய ஒடியா மகாபாரதத்தில் நவகுஞ்சரம் வருகிறது. சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடை, பாம்பு வால். கால்களில் யானை, புலி, மற்றொன்று குதிரை அல்லது மான். நான்காவது காலின் இடத்தில் ஒரு மனிதக் கை, அதில் தாமரை. வில்லை எடுத்த அர்ஜுனன் அந்தக் கையைக் கண்டதும் கண்ணன் வந்திருப்பதை உணர்ந்து வில்லைக் கீழே போடுகிறான். படக்கதைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. முதல் பக்கத்தில் சேவல் தலையும் புலிக் காலும். பக்கத்தைத் திருப்பினால் கை.

எல்லா டிராகன்களும் ஒன்றுதானா?

இல்லை. ஐரோப்பிய டிராகன் குகையில் புதையலைக் காக்கும், நெருப்பைக் கக்கும், வீரனிடம் சாகும். சீன டிராகன் மழைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் உரியது. பெரும்பாலும் சிறகில்லாமலே பறக்கும், கொம்பு மானுடையது, செதில் கெண்டை மீனுடையது. ஐந்து நகங்களுள்ள டிராகனை அரசருக்கு மட்டும் என்று சீனாவில் சட்டமே போட்டிருந்தார்கள். சீனக் கதைக்குப் படம் போடுகிறவர் வௌவால் சிறகும் நெருப்பும் சேர்த்துவிட்டால், மழை வேண்டிக் காத்திருந்த ஊருக்குத் தீ வைத்ததாக ஆகிவிடும்.

கதையில் அந்த விலங்குக்கு இருந்தே ஆக வேண்டியது என்ன?

ஒரு விதி. உருவத்தை ஓவியர் தந்துவிடுவார். அந்த விலங்கால் எது முடியும், எது முடியாது என்பதை எழுதுகிறவர்தான் தர வேண்டும். பெரும்பாலான புதிய கதைகள் இங்கேதான் தோற்கின்றன. மூன்று கண், ஏழு வால், வானவில் நிறம் எல்லாம் இருக்கும். அந்த விலங்கை எடுத்துவிட்டு ஒரு நாயை வைத்தாலும் கதை மாறாது.

பழைய கதைகளைப் பாருங்கள். ஜப்பானின் கப்பா ஆற்றில் வாழ்கிறது, ஆளை உள்ளே இழுக்கிறது. அதன் உச்சந்தலைக் குழியில் இருக்கும் நீர்தான் அதன் பலம். நீங்கள் குனிந்து வணங்கினால் மரியாதை தெரிந்த கப்பாவும் பதிலுக்குக் குனியும். நீர் கொட்டிவிடும், பலம் போய்விடும். வாளோ மந்திரமோ தேவையில்லை, அஞ்சு வயதுக் குழந்தையே கப்பாவை வெல்லலாம். வேதாளத்தின் விதி இன்னும் கெட்டிக்காரத்தனமானது: விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும், வாய் திறந்தாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இந்த ஒற்றை முடிச்சிலிருந்து இருபத்தைந்து கதைகள் கிளைத்தன. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், விடுகதைக்கு விடை கிடைத்ததும் அழிந்துபோகும் கிரேக்கக் கதையின் ஸ்பிங்க்ஸ் என்று எதை எடுத்தாலும் அதன் விதியை ஒரு வரியில் சொல்லிவிட முடிகிறது. உங்கள் விலங்கையும் ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் படம் வரையக் கொடுக்க வேண்டாம்.

அரக்கரையும் பூதங்களையும் நல்லவர்களாக மாற்றிவிடலாமா?

மாற்றலாம், ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சும் பொம்மையாக்கும் இன்றைய போக்கு எனக்கு உவப்பில்லை. பல் இல்லாத டிராகனிடம் தைரியமாக நடந்துகொள்வதில் என்ன தைரியம் இருக்கிறது? கடோத்கசன் அரக்கனாகவே இருக்கிறான், கோரைப்பல்லும் பேருடலும் அப்படியே இருக்கின்றன, குழந்தைகளுக்கு அவனைப் பிடிக்கவும் செய்கிறது. மாரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற படக்கதையின் காட்டு உருவங்களும் நகத்தையும் பல்லையும் இழக்கவில்லை. அவர் முதலில் குதிரைகளைத்தான் வரைய நினைத்தாராம். குதிரை சரியாக வராததால், சிறு வயதில் தன் கன்னத்தைக் கிள்ளிய உறவினர்களின் முகங்களை நினைத்து அந்த உருவங்களை வரைந்தார்.

மாற்றியே ஆக வேண்டியது வேறு ஒன்று. அசுரன் என்றால் கறுத்த தோல், தடித்த உதடு, சுருட்டை முடி. நாயகன் என்றால் வெளுத்த தோல். நம் படக்கதைகளில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட வழக்கம் இது. கறுப்பான குழந்தை அந்தப் புத்தகத்தில் தன்னை எந்தப் பக்கத்தில் தேடும்? அசுரனுக்குப் பச்சை, ஊதா, பாறையின் சாம்பல் என்று எத்தனையோ நிறங்கள் இருக்கின்றன.

மக்கள் வழிபடும் உருவங்களை விளையாட்டாக வரையலாமா?

கருடன், நரசிங்கம், நாகம் போன்றவை ஒருவருக்குக் கதை, இன்னொருவருக்குத் தெய்வம். குறும்பு இருக்கலாம், நம் பழைய கதைகளிலேயே ஏராளமான குறும்பு உண்டு. இழிவு கூடாது. பிற மக்களின் உருவங்களில் இன்னும் நிதானம் வேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடையே சில கதைகள் குறிப்பிட்ட குழுவினருக்கே உரியவை; அவர்கள் அனுமதியின்றி மற்றவர் சொல்வது முறையல்ல.

தமிழ் இலக்கியத்திலிருந்து புதிதாக எதை எடுக்கலாம்?

நிறைய. எனக்கு முதலில் தோன்றுவது அசுணம். இசையில் மயங்கும் உயிர் அது. யானையின் மதநீரில் மொய்க்கும் வண்டுகளின் ஒலியை யாழ் என்று நினைத்து, மலைக்குகையில் இருந்தபடி அசுணம் காது கொடுத்துக் கேட்பதாக அகநானூறு சொல்கிறது. அதைக் கொல்கிறவர்களின் கையைப் போல இன்பமும் துன்பமும் தருவது தலைவனின் மார்பு என்கிறது நற்றிணை; யாழை மீட்டி வரவழைத்து, பறையை முழக்கிக் கொல்வார்களாம். விதி ஒரு வரியில் வந்துவிட்டது. உருவம்? அது விலங்கா பறவையா என்பதிலேயே பிற்காலத்தவர் வேறுபட்டார்கள். ஓவியருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் யாரும் தர முடியாது. பெரிய காதுகள் வேண்டும் என்பது மட்டும் என் கட்சி.

இருதலைப்புள் இன்னொன்று. தலைவியும் தோழியும் இரு தலையும் ஓர் உயிரும் கொண்ட பறவையைப் போன்றவர்கள் என்று அகநானூற்றில் கபிலர் பாடுகிறார். பஞ்சதந்திரத்திலும் இரண்டு தலைப் பறவை உண்டு; அங்கே ஒரு தலை கிடைத்த பழத்தைப் பங்கிட மறுக்க, கோபத்தில் மற்றத் தலை விஷத்தைத் தின்றுவிடுகிறது. ஒரே உருவம் ஓரிடத்தில் நட்பு, ஓரிடத்தில் பொறாமை. இரண்டையும் எதிரெதிர் பக்கங்களில் வைத்து ஒரு புத்தகம் செய்யலாம். இடையில் ஒரு பூ வந்தாலே ஓராண்டு பிரிந்ததுபோல் வாடும் குறுந்தொகையின் மகன்றில் பறவைகளும் காத்திருக்கின்றன.

எழுத்து எவ்வளவு, படம் எவ்வளவு?

படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்; அச்சுத் தாளை மடிக்கும் கணக்கில் வந்த அளவு. தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று விரிப்புகள் (எதிரெதிரான இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிப்பு) கிடைக்கும். விலங்கின் தோற்றத்தை எழுத்தில் வர்ணிக்காதீர்கள், படம் அதைச் செய்துவிடும். படத்தால் காட்ட முடியாத வாசனை, குரல், தொட்டால் சுடுமா குளிருமா என்பதை எழுத்துக்கு விடுங்கள். விலங்கு முதன்முதலில் தோன்றும் இடம் பக்கத்தைத் திருப்பியதும் வரட்டும்.

குழந்தைகளே புதிய விலங்கை உருவாக்க எளிய வழி உண்டா?

தாளை மூன்றாக மடியுங்கள். ஒருவர் தலையை வரைந்து மறைத்துக் கொடுக்க, அடுத்தவர் உடலையும், மூன்றாமவர் காலையும் வரைய வேண்டும். கழுத்து முடியும் இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் அடுத்த மடிப்பில் எட்டிப்பார்க்கட்டும். விரித்த பிறகு பெயர் வைக்கச் சொல்லுங்கள். அது எதற்குப் பயப்படும் என்றும் கேளுங்கள்; பாதிக் கதை அங்கேயே வந்துவிடும்.

பழைய உருவங்களைப் பயன்படுத்தப் பதிப்புரிமை தடையா?

யாளிக்கும் வேதாளத்துக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஒருவர் வரைந்த குறிப்பிட்ட படத்துக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி அது ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஐரோப்பிய நாடுகளில் பொதுவாக 70 ஆண்டுகள். தோளில் உடலைச் சுமந்து வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமாவில் வரைந்த சங்கர் 2020இல்தான் காலமானார். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் படியெடுக்கக் கூடாது. மயானத்தையும் மரத்தையும் மன்னனையும் உங்கள் கையால் புதிதாக வரைந்துகொள்ளலாம்.